பொம்மை 400 கிராம், பில் 3 கிலோ

கேள்வி:

இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். நூலில் பின்னிய பொம்மைகளும், கையால் வண்ணம் தீட்டிய பீங்கான் குவளைகளும் விற்கிறேன். மாதம் சுமார் 60 பார்சல் போகிறது. விற்பனை விலையில் கால் பங்கு கூரியருக்கே போய்விடுகிறது. பெட்டிக்குத் தனியாகச் செலவு வேண்டாமென்று, தெரிந்தவர்கள் தூக்கிப்போடும் அட்டைப்பெட்டிகளை வாங்கி வந்துதான் பேக் செய்கிறேன். அப்படியும் குறையவில்லை. போன மாதம் வீட்டுத் தராசில் 400 கிராம் காட்டிய பொம்மைக்கு 3 கிலோ என்று பில் வந்தது. போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "சிஸ்டம் அப்படித்தான் எடுக்கும்" என்றார்கள். மாதம் ஆறேழு பார்சல் "வீடு பூட்டியிருந்தது" என்று திரும்பி வருகிறது. அது எல்லாருக்கும் உள்ளதுதானே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது என் கதைதான். எந்தக் கூரியர் மலிவு என்று மட்டும் சொல்லுங்கள். மற்றவர்களைப் போல "டெலிவரி இலவசம்" என்று நானும் போட்டுவிடலாமா? என் பெயர் வேண்டாம்.

பதில்:

சகோதரி, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 3 கிலோ பில் சரியான பில்தான்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தப் பெட்டி தெரிகிறது. பக்கத்தில் அளவும் எழுதியிருக்கிறீர்கள்: நீளம் 30, அகலம் 25, உயரம் 20 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்குங்கள், 15,000 வரும். அதை 5,000 ஆல் வகுங்கள், 3. இதைத்தான் கூரியர்காரர்கள் வால்யூமெட்ரிக் வெயிட் என்கிறார்கள், தமிழில் கன அளவு எடை. தராசு காட்டும் எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். உங்கள் பொம்மையைத் தராசு 400 கிராம் என்றது, பெட்டி 3 கிலோ என்றது. பெட்டி ஜெயித்துவிட்டது.

இது அநியாயமாகத் தோன்றும். இந்த வேலைக்கு வருமுன் நான் ஒரு கூரியர் நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். உங்களைப் போலக் கொதித்துப்போய்ப் பேசியவர்களின் போன்களை எடுத்தவன் நான். அவர்களிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வண்டியோ விமானமோ, பாரம் தாங்காமல் நிற்பதைவிட இடம் இல்லாமல் நிற்பதுதான் அதிகம். ஒரு வண்டி முழுக்கத் தலையணை ஏற்றினால் டயர் கொஞ்சம்கூட அமுங்காது, ஆனால் வேறு எதையும் ஏற்ற முடியாது. அதனால் இடத்துக்கும் கூலி உண்டு. 5,000 என்ற வகு எண்ணைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் புரியும்: ஒரு கன மீட்டருக்கு 200 கிலோவுக்குக் கீழே இருக்கும் எந்தப் பார்சலையும் "நீ இடத்தை அடைக்கிறாய்" என்று அது சொல்கிறது. தண்ணீர் ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோ. அந்தப் பெட்டி அடைக்கும் இடத்துக்கு உங்கள் பொம்மையின் எடை இதே கணக்கில் 27 கிலோகூட வராது. நீங்கள் அனுப்பியது முக்காலே மூணு வீசம் காற்று.

ஒரு காலத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் விமானச் சரக்கோடு நின்றது. இன்று சாலை வழிப் பார்சலுக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவின் பெரிய பார்சல் நிறுவனங்களான யுபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டுமே முன்பு 3 கன அடிக்கு மேற்பட்ட தரைவழிப் பார்சல்களுக்கு மட்டும் இப்படிக் கணக்கிட்டுவந்தன. 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலுமாக எல்லாப் பார்சலுக்கும் நீட்டித்தன. அதற்கு முன் பழகிய வியாபாரிகள் சொல்லும் "எடை குறைந்தால் கூலி குறையும்" என்ற யோசனை இன்று பாதி உண்மைதான்.

ஆகவே எந்தக் கூரியர் மலிவு என்ற உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். எந்தக் கூரியரிடம் கொடுத்தாலும் அந்தப் பெட்டி 3 கிலோதான், அல்லது அதற்குப் பக்கத்தில்தான். உங்கள் கூலி பேக்கிங் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. கூரியர்காரர் வாசலுக்கு வரும்போது பேரம் பேசப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

பொம்மையை எடுத்துக்கொள்வோம். அது உடையாது. உடையாத பொருளுக்குப் பெட்டி எதற்கு? படத்தில் உள்ள பொம்மை மெத்தென்ற பாலியஸ்டர் பஞ்சு அடைத்தது மாதிரி தெரிகிறது. மழைக்குப் பாதுகாப்பாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, உள்ளங்கையால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி ஒட்டுங்கள். பிறகு கனமான கூரியர் கவரில் நுழைத்துத் தட்டையாக்குங்கள். 28 நீளம், 22 அகலம், 4 தடிமன் என்று வந்தால் 2,464. 5,000 ஆல் வகுத்தால் அரைக் கிலோவுக்குச் சற்றே கீழே. தராசிலும் கவரோடு 430 கிராம்தான் இருக்கும். 3 கிலோ பில் வந்த அதே பொம்மை அரைக் கிலோவில் போகும்.

இதை வாடிக்கையாளரிடம் பரிசோதிக்காதீர்கள். ஒரு பொம்மையை இப்படிக் கட்டி, மேலே நாலு புத்தகம் வைத்து, ஒரு வாரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். பஞ்சு கொஞ்ச நேரத்தில் உப்பி எழுந்தால் சரி. முகம் கோணலாக நின்றாலோ, கழுத்தில் மடிப்பு விழுந்தாலோ அந்த வகைப் பொம்மைக்கு இது ஆகாது. கைகாலுக்குள் கம்பி வைத்துப் பின்னியவற்றை அமுக்கவே வேண்டாம்.

அமுக்க முடியாத பொம்மைகளுக்குப் பெட்டிதான். இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பணம் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. பல கூரியர்கள் எடையை அரைக் கிலோ ஸ்லாப்பாகக் கணக்கிடுகின்றன. 1.04 கிலோ வந்தால் 1.5 கிலோவுக்குப் பில். பெட்டியின் வெளியளவு 24, 18, 12 சென்டிமீட்டர் என்றால் பெருக்கல் 5,184. எடை 1.04. ஒன்றரைக் கிலோ ஆகிவிட்டது. உயரத்தை மட்டும் 11 ஆக்குங்கள்: 4,752. எடை 0.95. ஒரு கிலோ. ஒரே ஒரு சென்டிமீட்டருக்கு ஒவ்வொரு பார்சலிலும் அரைக் கிலோ கூலி போகிறது.

அந்த ஒரு சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெட்டி விற்பவர் சொல்வது உள்ளளவு, கூரியர் எடுப்பது வெளியளவு. சாதாரண மூன்றடுக்கு நெளி அட்டை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமன். நீளத்திலும் அகலத்திலும் இரண்டு பக்கச் சுவர் மட்டும்தான் சேரும், 6 மில்லிமீட்டர். உயரத்தில் அப்படியில்லை. மேலே இரண்டு மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று, கீழே இரண்டு மடிப்பு. ஆக நாலு அடுக்கு, 12 மில்லிமீட்டர். "11 சென்டிமீட்டர் உயரப் பெட்டி" என்று வாங்கியது கூரியர் கண்ணுக்கு 12.2. சில நிறுவனங்கள் ஒவ்வொரு பக்கத்தையும் அடுத்த முழு சென்டிமீட்டருக்கு உயர்த்திவிடும். அப்போது அது 13. இலேசான பொருளுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அட்டை போதும், அதில் நாலு அடுக்கும் சேர்ந்தே 6 மில்லிமீட்டர்தான். பெட்டி வாங்கும்போது "வெளியளவு என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பழகுங்கள். விற்பவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். பரவாயில்லை.

இன்னொன்று, பெட்டி உப்பக் கூடாது. பார்சல் சேரும் பெரிய மையங்களில் யாரும் டேப் வைத்து அளப்பதில்லை. பெல்ட்டில் ஓடும்போதே மேலே இருக்கும் கருவி ஒளிக்கற்றை வீசி நீள அகல உயரத்தை எடுத்துவிடும். அது எடுப்பது ஆக உயர்ந்த புள்ளியை. ஓரத்தில் 11 இருந்து நடுவில் 13 ஆகப் புடைத்திருந்தால் உங்கள் உயரம் 13. மூடி சரியாக ஒட்டாமல் விரல் அளவு எழும்பி நின்றாலும் அதே கதிதான். எங்கள் பிரிவுக்கு வந்த புகார்களில் இப்படிப் புடைத்த பெட்டிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அனுப்பியவர் பொய் சொல்லவில்லை, பெட்டி காலியாக இருந்தபோது அளந்திருந்தார், அவ்வளவுதான். டேப் ஒட்டி முடித்த பிறகு, நடுவில் அளக்க வேண்டும்.

குவளை வேறு சாதி. அதில் சிக்கனம் பார்க்கப் போய் அழிந்தவர்கள் உண்டு. கைப்பிடியோடு சேர்த்து 12, 9, 10 சென்டிமீட்டர் இருக்கும் ஒரு குவளையை 15 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டியில் வைத்தால் கன அளவு எடை 0.68 கிலோ. பில் 1 கிலோவுக்கு. 17 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் 0.98 கிலோ. பில் அதே 1 கிலோவுக்குத்தான். முதல் பெட்டியில் கைப்பிடிக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் இருக்கிறது. இரண்டாவதில் பக்கத்துக்கு இரண்டிலிருந்து நாலு சென்டிமீட்டர் மெத்தை வைக்கலாம், ஒரு காசு கூடுதல் இல்லாமல். ஸ்லாப்புக்குள் இடம் இருந்தால் அதை உடையும் பொருளின் பாதுகாப்புக்குக் கொடுத்துவிடுங்கள். ஆனால் இங்கேயும் வெளியளவுதான் 17. உள்ளளவு 17 என்று வாங்கினால் ஒன்றரைக் கிலோவுக்குப் போய்விடும்.

கைப்பிடி வளையத்துக்குள் முதலில் கசக்கிய காகிதத்தைத் திணியுங்கள். உடைவது பெரும்பாலும் அங்கேதான். பிறகு பபிள் ரேப்பில் குமிழ்ப் பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டு சுற்று. பெட்டியை மூடிக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே எதுவும் நகரும் சத்தம் வரக் கூடாது. காற்றுக்குக் காசு கொடுப்பது இந்த ஓரிடத்தில் தகும். (பபிள் ரேப் பிறந்ததே ஒரு தோல்வியில். 1957 இல் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்யப் போய், ஷவர் திரைகள் இரண்டை ஒட்டியபோது வந்த குமிழ்கள் அவை. சுவருக்கு யாரும் வாங்கவில்லை.)

இரண்டு குவளை ஆர்டர் வந்தால் ஒரே பெட்டி. 25, 17, 17 என்றால் 7,225. ஒன்றரைக் கிலோவுக்குள் நிற்கும். தனித்தனியாக அனுப்பினால் ஒரு கிலோ பார்சல் இரண்டு. அதிலும் முதல் ஸ்லாப்தான் பெரும்பாலும் விலை அதிகம், அடுத்தடுத்த அரைக் கிலோக்கள் அதைவிடக் குறைவு. ஒருவரே காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் ஆர்டர் போட்டால் சேர்த்து அனுப்பட்டுமா என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் சரி என்பார்கள்.

இப்போது, எந்தக் கூரியர் மலிவு. இதற்கு நான் ஒரு பெயரைச் சொன்னால் அது உங்களுக்குப் பொய்யாகிவிடும். பக்கத்து ஊருக்கு அரைக் கிலோ அனுப்ப மலிவாக இருப்பவர், தூரத்துக்கு இரண்டு கிலோ அனுப்ப மலிவாக இருக்க மாட்டார். உங்கள் கடைசி 50 பில்லை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: என்ன பொருள், உங்கள் தராசு எடை, பில்லில் வந்த எடை, எந்த மண்டலம் (தூரத்தை வைத்துக் கூரியர் பிரிக்கும் பகுதி), அடிப்படைக் கட்டணம், மேலே சேர்ந்த கட்டணங்கள், போய்ச் சேர்ந்ததா திரும்பியதா. ஒரு மதியம் போதும். பிறகு இரண்டு மூன்று கூரியர்களின் கட்டண அட்டையை வாங்கி, அதே 50 பார்சலை அவர்கள் கட்டணத்தில் போட்டுப் பாருங்கள். அட்டையின் முதல் வரியில் பளபளவென்று இருக்கும் "இவ்வளவிலிருந்து" என்ற விலையில் உங்கள் பார்சல் ஒன்றுகூட இருக்காது என்பது அப்போது தெரியும்.

அட்டையின் அடிக்குறிப்புகளைப் படியுங்கள். எரிபொருள் கூடுதல் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தின் மேல் சதவீதமாக ஏறும், மாதத்துக்கு மாதம் மாறலாம். ஒதுக்குப்புறப் பகுதிக்குத் தனிக் கட்டணம். முகவரி திருத்தினால் ஒன்று. வாங்குபவரிடம் பணத்தை வசூலித்துத் தந்தால் ஒன்று. இதையெல்லாம் சேர்க்காத ஒப்பீடு ஒப்பீடே இல்லை.

அஞ்சல் துறையை ஒதுக்கிவிடாதீர்கள். பல நாடுகளில் சிறிய பொதிகளுக்கு அஞ்சலகம் தராசு எடையைத்தான் பார்க்கிறது, பக்க அளவுக்கு ஒரு வரம்பு மட்டும் உண்டு. கனமில்லாமல் இடத்தை அடைக்கும் பொம்மைக்கு இதைவிடத் தோதானது கிடையாது. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வந்தால், சர்வதேச அஞ்சலில் சிறு பொதிக்கு 2 கிலோ உச்சவரம்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொம்மை எதுவும் அதைத் தாண்டாது. வேகம் குறைவாக இருக்கலாம். அதை வாங்குபவரிடமே விட்டுவிடுங்கள்: நிதானமாக வந்தால் இவ்வளவு, சீக்கிரம் வேண்டுமென்றால் இவ்வளவு. எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும் என்று நினைப்பது விற்பவர்களின் பதற்றம்தான்.

பல கூரியர்களை ஒரே இடத்தில் சேர்த்துத் தரும் தளங்களும் உண்டு. ஆயிரக்கணக்கான சின்னக் கடைகளின் பார்சலைச் சேர்த்துப் பேசுவதால் தனியாக நீங்கள் வாங்க முடியாத கட்டணம் அங்கே கிடைக்கும். மாதம் 60 பார்சலுக்கு அது ஏற்ற வழிதான். ஆனால் எடைத் தகராறு வந்தால் எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும் என்பதைச் சேரும்போதே பார்த்துவிடுங்கள். அந்தக் கெடு தாண்டினால், அங்கே நீங்கள் கட்டி வைத்திருக்கும் முன்பணத்திலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்கள்.

நேரடியாகப் பேசும் வாய்ப்பு வந்தால், எல்லாரும் கேட்பது போல "எவ்வளவு தள்ளுபடி?" என்று கேட்காதீர்கள். "உங்கள் வகு எண் என்ன?" என்று கேளுங்கள். சிலர் 5,000, சிலர் 6,000. உங்கள் 15,000 பெட்டி 5,000 இல் 3 கிலோ, 6,000 இல் இரண்டரைக் கிலோ. இடத்தை அடைக்கும் பொருள் விற்பவருக்கு இது ஆறில் ஒரு பங்கு தள்ளுபடிக்குச் சமம், ஆனால் யாரும் அதைத் தள்ளுபடி என்று விளம்பரம் செய்வதில்லை. அடுத்து, கால் கிலோ ஸ்லாப் உண்டா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து எடுத்துப்போகத் தனிக் கட்டணமா என்றும் கேளுங்கள். இருந்தால், தினமும் அனுப்பாமல் வாரத்தில் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பில் உண்மையிலேயே தப்பாக வருவதும் உண்டு. அதற்குச் சண்டை வேண்டாம், படம் போதும். மூடி ஒட்டிய பெட்டி தராசின் மேல், எண் தெரிய ஒரு படம். அளவு டேப் வைத்த படம் மூன்று, மூன்று பக்கத்துக்கும். லேபிள் அதே படத்தில் தெரிய வேண்டும், இல்லையென்றால் எந்தப் பெட்டி என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு பக்கத்துக்கு மனக்குமுறலைக் கொட்டி வந்த கடிதங்கள் எங்கள் மேசையில் வாரக்கணக்கில் கிடக்கும். நாலு படமும் ஒரு வரியும் வந்தால் அன்றே திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போவோம். எங்களுக்கும் அதுதான் சுலபம்.

திரும்பி வரும் பார்சலை நீங்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் பெரிய ஓட்டை தெரிகிறது. 60 இல் ஆறு திரும்புகிறது என்றே வைப்போம். போகும்போது 60 கூலி, திரும்பிய ஆறுக்கும் இன்னொரு கூலி, ஆக 66. விற்றது 54. 66 ஐ 54 ஆல் வகுங்கள், 1.22. அதாவது உருப்படியாகப் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு பொம்மையும் தன் கூலியோடு, சேராத பொம்மைகளுக்காக இன்னொரு 22 சதவீதத்தையும் சுமக்கிறது. திரும்பும் கூலியும் போகும் கூலியும் ஒன்று என்று கொண்ட கணக்கு இது. உங்கள் பில்லில் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். எந்தக் கூரியரும் உங்களுக்கு 22 சதவீதம் தள்ளுபடி தரப் போவதில்லை, சகோதரி.

"வீடு பூட்டியிருந்தது" என்பதை அப்படியே நம்பாதீர்கள். பாதி நேரம் அதற்கு அர்த்தம், போன் எண்ணில் ஓர் இலக்கம் தப்பு, அல்லது கதவு எண் இல்லை, அல்லது மாடி எது என்று தெரியவில்லை. ஆர்டர் படிவத்தில் கதவு எண், தெரு, அடையாளம், அஞ்சல் குறியீடு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். ஒரே கட்டம் வைத்தால் "பழைய முகவரிதான்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்பும் நாளன்று ஒரு செய்தி: "உங்கள் பொம்மை இன்று கிளம்புகிறது, இந்த முகவரி சரிதானே, அடுத்த சில நாள் வீட்டில் ஆள் இருப்பார்களா?" பதில் வராத பார்சலை ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். முக்கியமாக, கையில் வாங்கும்போது பணம் தருகிற முறை வைத்திருந்தால், திரும்பிய பார்சல்களில் எத்தனை அந்த வகை என்று எண்ணுங்கள். பெரும்பாலும் அவைதான் இருக்கும். அந்த முறையை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆர்டர் போடும்போதே பணம் கட்டுகிறவருக்குக் கூலியில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

டெலிவரி இலவசம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். எல்லா ஆர்டருக்கும் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஒரு பொம்மை விலை 100, நூலும் பஞ்சும் உங்கள் நேரமும் சேர்த்து அடக்கம் 55, கூலி 25 என்று வைப்போம். வாங்குபவர் கூலி கட்டினால் உங்களுக்கு நிற்பது 45. நீங்கள் கட்டினால் 20. ஒரே அறிவிப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. இதையே இரண்டு பொம்மைக்கு இலவசம் என்று வையுங்கள். இரண்டும் ஒரே கவரில் போகக் கூலி 32 என்றால், 90 இல் 32 போக 58 நிற்கும். கூலியை நீங்கள் கட்டியும், ஒரு பொம்மை விற்பதைவிட அதிகம். ஆகவே வழக்கமாக ஒருவர் வாங்கும் தொகை என்னவென்று 50 வரிப் பட்டியலில் பார்த்து, அதற்கு மேலே, இன்னொரு பொருள் சேர்த்தால் எட்டும் தூரத்தில் இலவச வரம்பை வையுங்கள். இரண்டு மடங்குக்கு மேல் வைத்தால் யாரும் எட்ட மாட்டார்கள். வழக்கமான தொகைக்குக் கீழே வைத்தால் சும்மா வாங்க இருந்தவருக்கும் நீங்கள் கூலி கட்டுவீர்கள். இந்த எண்களெல்லாம் உதாரணம்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வரம்பை எட்டாதவர்களுக்குக் கூலியைப் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் திடீரென்று காட்டாதீர்கள். பொருளின் பக்கத்திலேயே விலைக்குக் கீழே போடுங்கள். கூலி அதிகம் என்பதற்காக விட்டுப் போகிறவர்களைவிட, கடைசியில் காட்டினார்கள் என்ற எரிச்சலில் விட்டுப் போகிறவர்கள் அதிகம் என்பது என் அனுபவம்.

புதிய பெட்டி, கவர் வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. மொத்தமாக வாங்கினால் விலை பாதி என்று யாரோ சொல்ல, நான் ஒருமுறை ஒரே அளவில் 500 பெட்டி வாங்கினேன். மூன்றே மாதத்தில் நான் விற்ற பொருள் மாறிவிட்டது. அந்தப் பெட்டிகள் இரண்டு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்து, கடைசியில் பூச்சிக்குப் போயின. கவர் ஓர் அளவு, குவளைப் பெட்டி இரண்டு அளவு, அமுக்க முடியாத பொம்மைக்கு ஓர் அளவு. இதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். அதிலும் முதலில் இருபத்தைந்து இருபத்தைந்தாக வாங்குங்கள். டேப்பில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். நடுவழியில் வாய் பிளந்த பெட்டிக்குள் இருந்த குவளை யாருக்கும் போய்ச் சேராது.

சரி, வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் இலவசப் பெட்டிகள். எறிந்துவிட வேண்டாம். அவற்றின் உயரத்தை நீங்களே குறைக்கலாம். பொருளை உள்ளே வைத்து, அதன் தலைமட்டத்துக்கு ஒரு விரல் மேலே உள்சுவரில் நாலு பக்கமும் கோடு போடுங்கள். நாலு மூலையையும் மேலிருந்து அந்தக் கோடு வரை கத்தியால் கீறுங்கள். கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து, கத்தியின் முதுகால் அழுத்தி இழுங்கள். அட்டை அறுபடாது, மடிய மட்டும் வழி விடும். இப்போது மூடிகளை மடித்தால் 20 சென்டிமீட்டர் பெட்டி 11 ஆகிவிடும். மிஞ்சும் அட்டையை வெட்டி எறியாமல் குவளைக்குத் தடுப்பாக நிறுத்துங்கள். அடி நமத்துப் போயிருந்தாலோ, விரலால் அழுத்தினால் மூலை உள்ளே போனாலோ அந்தப் பெட்டி தடுப்புக்கு மட்டும்தான் ஆகும்.

பழைய லேபிளை மட்டும் மறக்காமல் உரித்துவிடுங்கள். உரிய மறுத்தால் அதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள், அல்லது கறுப்பு மார்க்கரால் பார்கோடின் குறுக்கே தடிமனாக ஒரு கோடு. பார்கோடு படிக்கும் கருவிக்கு எது புதுசு எது பழசு என்று தெரியாது. முதலில் கண்ணில் பட்டதைப் படித்து, உங்கள் பொம்மையைப் பெட்டியின் பழைய சொந்தக்காரர் வீட்டுக்கே அனுப்பிவைக்கும்.